ஜெர்மன்காரர் யார்?

சமையலறை மேடையில் ஓடியதை விளக்குமாற்றால் ஒரு போடு போட்டுவிட்டு, "கரப்பான்" என்றேன். மருந்தடிக்க வந்த தம்பி குனிந்து பார்த்தார். "ஜெர்மன் சார் இது." கழுத்துப் பக்கம் இரண்டு கருங்கோடுகள், நீளம் ஒன்றரை சென்டிமீட்டருக்குள். குளியலறைச் சாக்கடையிலிருந்து மீசையை ஆட்டிக்கொண்டு வரும் நாலு சென்டிமீட்டர் செம்பழுப்பு ஆசாமி அமெரிக்கனாம். யாருக்குமே விசா கிடைக்காத வீட்டில் இத்தனை வெளிநாட்டுச் சகவாசம்!

பெருமை நிலைக்கவில்லை. அமெரிக்கனுக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஜெர்மனுக்கு 1767இல் அந்தப் பெயரைச் சூட்டியவர் சுவீடன்காரரான லின்னேயஸ். மரபணுவைப் பிரித்துப் பார்த்தவர்களோ, சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியான்மரிலோ ஆசியக் கரப்பானிலிருந்து கிளைத்தது இது என்று 2024இல் எழுதினார்கள். நம் பக்கத்துப் பிள்ளைதான். வெளிநாடு போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறது. (தெருவுக்கு ஒருவராவது அப்படி உண்டு.)

கதவு நிலையை அரிக்கும் கறையானையும் எறும்புச் சாதி என்று நினைத்திருந்தேன். அதுவும் கரப்பான் வகையறாவாம். மழைவிட்ட மாலையில் விளக்கை மொய்க்கும் ஈசல், அதே கறையானின் கல்யாணக் கோலம். நாலு இறக்கையும் ஒரே நீளம் என்றால் ஈசல். முன்னிறக்கை நீண்டு இடுப்பு சிறுத்திருந்தால் எறும்பு.

கரப்பான் என்றாலே ஸ்டூலில் ஏறிவிடும் என் மனைவி, சிறுவயதில் வறுத்த ஈசலைப் பொரியோடு கலந்து அள்ளி அள்ளித் தின்றவள். இந்த உறவுமுறையை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.