செத்த திருகு: கரிசல்காட்டு ஒலிக் கட்டுப்பாட்டியலில் ஒரு முன்னாய்வு

ஆய்வுச் சுருக்கம்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் பங்குனிப் பொங்கலுக்கு ரேடியோ செட் கட்டும் தம்பிகளில் சிலர் இப்போது லேப்டாப் திரையிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். அந்தத் திரையில் இருக்க வேண்டியது திருகா, ஸ்லைடரா என்பதே ஆய்வுச் சிக்கல். இரண்டும் இல்லை என்பது முடிவு. காரணத்தைச் சுருக்கத்திலேயே சொல்லிவிட்டால் கட்டுரையை யார் படிப்பார்கள்? (சொல்லாவிட்டாலும் யாரும் படிப்பதில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.)

முன்னோர் கருத்து: எதைத் தொடங்கினாலும் தொல்காப்பியத்திலிருந்து தொடங்க வேண்டும், இல்லையென்றால் நெறியாளர் கையெழுத்துப் போட மாட்டார். மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை, குற்றியலுகரத்துக்கு அரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஆக, படிப்படியாக ஏறும் ஸ்லைடரை உலகுக்கு முதலில் தந்தவர்கள் நாமே என்பது வெள்ளிடைமலை. மாத்திரை நேர அளவாயிற்றே, சத்தத்தின் அளவு இல்லையே என்று எழுந்து கேட்பவரைத் தேநீர் இடைவேளை அறிவித்து அடக்கிவிடலாம். பன்னாட்டுக் கருத்தரங்குகளில் இம்முறை நன்றாகப் பலிக்கிறது. பன்னாடு என்பது ஈண்டு ஜூமில் வந்து, ‘கேக்குதா, கேக்குதா’ என்று கேட்டுவிட்டுப் போன ஒருவரைக் குறிக்கும்.

வகைப்பாடு. பொத்தான்: அழுத்தலாம்.

ஸ்லைடர்: எட்டை வரிசையாக வைத்தால் எது ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று பந்தல்காலில் சாய்ந்து நிற்பவருக்கும் தெரியும். இதுவே இதன் குறை. (பந்தல்கால் வாய்மொழி.)

திருகு: இரும்புப் பெட்டியில் இருந்தவரை இரண்டு விரலால் பிடித்து ஏறத்தாழ 300 டிகிரி சுற்றலாம். திரையில் பிடிக்க ஏதுமில்லை. மவுஸை வட்டமாகச் சுற்றச் சொன்ன மென்பொருள்கள் மணிக்கட்டைப் பதம் பார்த்தன. அதனால் இன்று பலவற்றில் மவுஸை மேலும் கீழும் இழுத்தால் திருகு தானாகச் சுற்றுகிறது. அதாவது உள்ளே இருப்பது ஸ்லைடர், வேஷம் மட்டும் திருகு. அந்த வேஷத்துக்கு உலோகப் பளபளப்பு, நிழல், மூலைக்கு மூலை கழற்ற முடியாத ஸ்குரூ எல்லாம் வரைகிறார்கள். கரிசல் புழுதி இறங்கிய நிஜத் திருகு சுற்றும்போது கரகரவென்று ஒரு சத்தம் போடுமே, அது மட்டும் இன்னும் வரவில்லை. டேப்பின் இரைச்சலைக்கூட விலைக்கு விற்கும் தொழில் இது, புழுதியும் வந்துவிடும்.

திருகின் இடக்கோடியாகிய பூஜ்யத்தைப் பற்றி ஆராய வேண்டியதில்லை. மௌனத்தையே உபதேசமாக்கிய ரமணர் 1879இல் திருச்சுழியில் பிறந்துவிட்டார்.

வலக்கோடியில்தான் வழக்கு. 100 வாட்டை 200 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இருமடங்கு சத்தமாகப் பட வேண்டுமென்றால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால்தான் வால்யூம் திருகைச் சீராக ஏற்றாமல், முதல் பாதியில் மெல்லவும் பிற்பாதியில் வேகமாகவும் ஏறும்படி செய்கிறார்கள். கணக்கை மறந்து சீராக ஏற்றிய மென்பொருளில் முதல் கால் சுற்றிலேயே காது அடைத்துவிடும். மிச்சச் சுற்று அலங்காரம். இவ்வளவையும் விழாக் கமிட்டிக்கு விளக்க முடியாது. விளக்க முடியாத இடத்தில் பிறந்ததே செத்த திருகு.

“என்னடா தம்பி, சவுண்டே பத்தலை. மேலத்தெருவுக்குக் கேக்கலையாம்ல.”

“இந்தா, கூட்டிட்டேன் மாமா.”

தம்பி சுற்றியது நாலாம் சேனல். அதில் மைக்கே சொருகவில்லை. திருகின் பக்கத்தில் பச்சை இன்சுலேஷன் டேப் ஒட்டி, பேனாவால் ‘மாஸ்டர்’ என்று எழுதியிருக்கும். நிஜ மாஸ்டர் பெயரில்லாமல் துண்டுக்குக் கீழே கிடக்கும். மாமா கண்ணை மூடிக் கேட்கிறார். “ஆங், இப்பச் சரி.” (மேற்படி மாமா, இரண்டாம் டீ, சீனி கம்மி.)

தானாகச் செத்த திருகா, சாகடித்த திருகா என்பதில் மேலத்தெரு மரபு, கீழத்தெரு மரபு என இரு பள்ளிகள் உண்டு. ஒருவர் கட்டுரையை மற்றவர் மேற்கோள் காட்டுவதில்லை. தம் கட்டுரையைத் தாமே காட்டிக்கொள்வார்கள். பதவி உயர்வுக்கு அது போதும். (காண்க: ஆம்ப்ளிஃபயர் பின்பக்க ஸ்டிக்கர், கிழிந்தது போக எஞ்சிய பகுதி, வரி 3, அதற்குத் தம்பி சொன்ன உரை, அவ்வுரைக்கு அவருடைய சித்தப்பா சொன்ன மறுப்பு, குழாய் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்ததால் மறுப்பு யார் காதிலும் விழவில்லை.)

இது கரிசலுக்கு மட்டும் உரியதன்று. மேல்நாட்டு ஒலிப்பதிவுக் கூடங்களிலும், எதிலும் இணைக்காத ஒரு ஸ்லைடரைத் தயாரிப்பாளர் கைக்கெட்டும் இடத்தில் வைத்த கதைகளை ஒலிப்பொறியாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அங்கேயும் மாமாக்கள் உண்டு என்று கொள்க.

ஆகவே மென்பொருள் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பதிப்பில் திரையின் நட்டநடுவில் பெரிதாக ஒரு திருகு வரையுங்கள். சுற்றும்போது ஓர் ஊசி ஆடட்டும், விளக்கு ஒன்று சிவக்கட்டும். எதோடும் இணைத்துவிடாதீர்கள். போலீஸ் வந்தால் மட்டும் தம்பி துண்டை விலக்கி நிஜ மாஸ்டரைத் தொட வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை.