எல்லாம் சூடுதான் சார்

எங்கள் காலனியில் ஏதாவது ஒரு நாய் ஓரமாக முதுகை வளைத்து நின்றால் போதும், சூட்டு சார் குடையோடு வந்து நிற்பார். நாய் விட்டுப் போனதைக் குடை நுனியால் சுட்டி, ஜாதகக் கட்டம் பார்ப்பதுபோல ஒரு நிமிடம் பார்ப்பார். "சூடு சார். எல்லாம் சூடுதான்."

பேதியா? சூடு. மலச்சிக்கலா? அதுவும் சூடு. வாந்தியா? சூடு மேலே ஏறிவிட்டது. மார்கழிக் குளிரில் எங்கிருந்து சூடு என்று கேட்டால், "அது உள்சூடு" என்பார்.

எண்பதுகளில் ஒரு ராஜபாளையம் வளர்த்தாராம். பழைய சோறும் கருவாட்டுக் குழம்பும் தின்று, ஊசியே பார்க்காமல் 14 வருடம் வாழ்ந்ததாம். அந்த நாய்தான் இவர் வாங்கிய பட்டம். அது வாழ்ந்தது இவர் வைத்தியத்தாலா, வைத்தியத்தையும் மீறியா என்று கேட்க எனக்கு இதுவரை துணிச்சல் வரவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கண்டதைத் தின்று பேதியாகும் வளர்ந்த நாய்க்குப் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே நின்றுவிடும். தண்ணீர் குடித்துக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு இருந்தால் டாக்டரே குழைந்த சோறும் எலும்பில்லாத வேகவைத்த கோழியும் போதும் என்பார். தானே நின்ற அத்தனை பேதியும் சூட்டு சாரின் வரவுக் கணக்கில் ஏறிவிடும். அந்த வரவை நம்பித்தான் அவர் அடுத்த மருந்துக்குப் போவார்: தயிரில் நறுக்கிய சின்ன வெங்காயம், ஊறவைத்த உலர் திராட்சை. நமக்குக் குளிர்ச்சிதான். ஆனால் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். திராட்சை சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கலாம். இதைச் சொன்னேன். "எங்க பாட்டி தொண்ணூறு வயசு வரைக்கும் சாப்பிட்டா" என்றார். பாட்டி நாயில்லை என்பதை எப்படிச் சொல்வது?

எதிர்வீட்டு மூன்று மாதக் குட்டி வாந்தியும் ரத்தப் பேதியுமாகச் சுருண்டபோது, "பல் முளைக்கிற சூடு" என்றார். நல்லவேளை, அந்த வீட்டம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். குட்டியைத் துண்டில் சுற்றி நேரே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பார்வோ. 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய வைரஸ். ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி நாலு மாதம் வரை தவணை தவறாமல் போட வேண்டிய ஊசியில் குட்டிக்கு ஒன்றுதான் போட்டிருந்தார்கள். ஐந்து நாள் டிரிப்ஸ் ஏறிய பிறகுதான் எழுந்து நின்றது.

போன மாதம் என் முறை. எங்கள் அல்சேஷன் சீசர் ராத்திரி வயிறு முட்டத் தின்றுவிட்டு மாடியில் ஓடி விளையாடியது. பத்து மணிக்கு வயிறு மிருதங்கம் மாதிரி விறைத்துவிட்டது. ஓங்கரிக்கிறது, ஓங்கரிக்கிறது, நுரையைத் தவிர எதுவும் வரவில்லை. படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. சத்தம் கேட்டு வந்த சூட்டு சார், அன்று முதல்முறையாக நோயின் பெயரை மாற்றினார். "வாயு சார். ஓமத் தண்ணி குடுங்க, ஏப்பம் விட்டுட்டு எந்திரிச்சுடுவான்." இத்தனையும் எழுதுகிற நானே ஓம டப்பாவைத் தேடிக்கொண்டு அடுப்படிக்குள் போனேன்.

என் மகள் சீசரின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெளுத்திருந்தது. "அப்பா, ஓமத்தை வையுங்க, ஆட்டோவைக் கூப்பிடுங்க" என்றாள்.

இரைப்பை முறுக்கிக்கொண்டிருந்ததாம். அடைபட்ட காற்றை முதலில் இறக்கி, வயிற்றைத் திறந்து முறுக்கைப் பிரித்து, மறுபடி புரளாமல் தைத்துவிட்டார்கள். விடிய விட்டிருந்தால் நாய் இல்லை என்றார் டாக்டர்.

மறுநாள் காலை குடையோடு வந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நான் ராத்திரியே சொன்னேனே சார், வாயுன்னு!" என்றார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"தையல் பிரிச்சதும் சொல்லுங்க. மயக்க ஊசி ரொம்பச் சூடு."