வந்தால்: காவிரிப் படுகையில் நிபந்தனை எச்சமும் பன்மைப் பெயரும் கூடி வாழும் முறை குறித்து ஓர் ஆய்வு

காவிரிப் படுகையில் நெல்லுக்கு அடுத்தபடியாக அதிகம் விளைவது ‘வந்தா’ என்ற சொல். இதற்குக் குறுவை, சம்பா, தாளடி என்ற பட்ட பேதம் கிடையாது, ஆண்டு முழுக்க மகசூல்தான். தண்ணி வந்தா நாத்து விடலாம். ஆள் வந்தா நடலாம். மிஷின் வந்தா அறுக்கலாம். சாக்கு வந்தா மூட்டை பிடிக்கலாம். லாரி வந்தா ஏத்தலாம். பணம் வந்தா பார்க்கலாம். ஒரு போகத்தின் வரலாறு முழுவதும் ஆறு நிபந்தனைக்குள் அடங்கிவிடுகிறது. குருத்துப்பூச்சிக்கும் புகையானுக்கும் துண்டுப் பிரசுரம் போட்டவர்கள் இந்த எச்சத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டது பெரிய குறை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

மேலே சொன்ன வாக்கியங்களில் ஆள் எத்தனை, சாக்கு எத்தனை, லாரி எத்தனை? எந்த மூலையில் தேடினாலும் கிடைக்காது. நம் ஆய்வுச் சிக்கல் இதுதான்.

இலக்கண நிலவரத்தை முதலில் பார்த்துவிடுவோம். முற்றுவினை பொறுப்பானது. வந்தது, வந்தன, வந்தார்கள் என்று தலையை எண்ணிச் சொல்லும். வினையெச்சத்துக்குத் திணையும் இல்லை, பாலும் இல்லை, எண்ணும் இல்லை. ‘வந்தால்’ என்று ஆன கணமே கணக்கெழுதும் வேலையிலிருந்து அது விலகிக்கொள்கிறது. பெயரின் பக்கம் போனால், அஃறிணைப் பெயருக்குக் ‘கள்’ கட்டாயமில்லை, கொள்கிற இடத்தில் கொள்ளலாம் என்று தொல்காப்பியரே சலுகை கொடுத்திருக்கிறார். ‘மாடு’ என்றால் ஒன்றா பலவா என்பதை முற்றுவினையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மரபு. இப்போது ‘மாடு வந்தால்’ என்று சேர்த்துப் பாருங்கள். பெயர், “வினையைப் போய்ப் பாருங்க” என்று அனுப்புகிறது. வினை, “அது என் செக்‌ஷன் இல்லையே” என்று திருப்பி அனுப்புகிறது. பட்டா மாறுதலுக்கு அலைந்த எவருக்கும் இந்த இலக்கணம் புதிதல்ல.

ஆங்கிலத்தில் இந்தச் சௌகரியம் இல்லை. ‘இஃப் த பேக் ஈஸ் வெட்’ என்றால் ஒரு மூட்டை, ‘இஃப் த பேக்ஸ் ஆர் வெட்’ என்றால் பல. நிபந்தனையிலும் வினை தலையெண்ணிக்கொண்டு நிற்கிறது. நடக்கவே நடக்காத கற்பனை என்று வரும்போதுதான் அந்த மொழியும் தடுமாறும். ‘இஃப் ஐ வேர் எ கிங்’ என்று ஒற்றை ஆளுக்குப் பன்மை வினையைக் கொடுத்துவிடுகிறது. அங்கே பன்மை மரியாதை கற்பனைக்கு. இங்கே அது தாசில்தாருக்கு.

நம் எச்சத்தின் உடற்கூறையும் கொஞ்சம் அறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘வந்தால்’ என்பதன் வயிற்றுக்குள் இறந்தகாலம் இருக்கிறது. ‘வந்தான்’ என்பதில் வருகிற அதே ‘ந்த்’. இன்னும் வராத தண்ணீரை வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு பேசினால்தான் நமக்கு நிபந்தனையே வாயில் வரும். பழைய ‘வரின்’ என்ற வடிவத்தில் இந்த முன்பணம் கிடையாது. வான்சிறப்பு அதிகாரத்தில் மழை பொய்ப்பதைப் பேசும் இடங்களில் வள்ளுவர் இந்த ‘இன்’னையே பெரிதும் கையாள்கிறார். இதிலிருந்து ஒரு கருதுகோள்: வானத்தை நம்பிய காலத்துக்கு ‘இன்’, ஆற்றை நம்பிய காலத்துக்கு ‘ஆல்’. மதுரைக்காரர்களும் ‘வந்தால்’ என்றுதானே சொல்கிறார்கள் என்று யாராவது மறுக்கலாம். வைகையை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வது இன்னும் பெரிய நம்பிக்கை, அவ்வளவுதான்.

மறுப்பு எழும் என்று இக்கட்டுரை எதிர்பார்க்கவே செய்கிறது. இலக்கணத்திலும் புயல் அடித்த பூமி இது. திருவாரூர் வைத்தியநாத தேசிகர் ‘இலக்கண விளக்கம்’ எழுதினார். திருவாவடுதுறை மடத்துச் சிவஞான முனிவர் அதை மறுத்து எழுதிய நூலுக்கு ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ என்றே பெயர் வைத்தார். கடலோர மாவட்டத்து நூலுக்கு இதைவிடப் பொருத்தமான மறுப்பு இருக்க முடியாது.

இறந்தகாலத்தை உள்ளே வைத்திருக்கும் நிபந்தனை நடைமுறையில் என்ன செய்கிறது என்பதற்கு மேட்டூர் சாட்சி. 1934-ல் கட்டி முடித்த அணை, முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஜூன் 12-ல் திறப்பது மரபு. 2012-ல் செப்டம்பர் 17 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள், 2024-ல் ஜூலை 28 ஆயிற்று. தேதி எப்படி ஆடினாலும், போர்வெல் வைத்திருப்பவர் மே மாதத்திலேயே நாற்றங்காலில் விதை தெளித்துவிடுகிறார். ஏன் என்று கேட்டால் “தண்ணி வந்தா நட்டுடலாம்ல” என்கிறார். அவர் வாயில் அந்தத் தண்ணீர் ஏற்கெனவே கல்லணையைத் தாண்டிவிட்டது. பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்காரர் அதே சொல்லைச் சொல்லும்போது ‘ந்த்’ சற்று இழுபடுகிறது. இது ஒலியியல் துறைக்கு உரிய விஷயம், இங்கே விட்டுவிடுவோம்.

இனி களம். திருத்துறைப்பூண்டி சாலையோர வயல் ஒன்றில், நடவுக்கு ஆள் கூட்டி வரும் ஓர் அக்காவுக்கும் மூன்று மா நட வேண்டிய ஒருவருக்கும் நடந்த பேச்சு:

“அக்கா, நாளைக்கு நடவு உண்டா?”

“ஆளுவோ வந்தா உண்டு தம்பி.”

“எத்தனை பேரு வருவாங்க?”

“வந்தா தெரியும்.”

“என்னக்கா இப்புடிச் சொன்னா எப்புடி?”

“நல்ல நல்ல ஆளா வந்தா மத்தியானத்துக்குள்ள கரையேறிடலாம், நீ டீக்கு மட்டும் சொல்லி வையி.”

ஆய்வாளன் தேடிய புதையல் கடைசி வரியில் இருக்கிறது. ‘ஆளுவோ’ என்பது கீழத்தஞ்சைப் பன்மை. குறைந்தது இரண்டு பேர் என்ற உத்தரவாதம் மட்டுமே அதில் உண்டு. ஆனால் ‘நல்ல நல்ல ஆளா வந்தா’ என்பதில் பெயர் ஒருமை வடிவில் நிற்கிறது, வினை எண்ணைச் சொல்வதில்லை, பன்மையைச் சுமப்பது இரட்டித்த பெயரடை. வர்ணனைச் சொல்தான் இங்கே தலையெண்ணுகிறது. ‘பெரிய லாரி வந்தா’ ஒரு லாரி. ‘பெரிய பெரிய லாரி வந்தா’ கப்பி ரோடு தாங்காது. ‘சின்னச் சின்ன நாத்தா இருந்தா’ என்றால் ஒரு நாற்றங்காலே இளசு. ‘பெரிய லாரிகள் வந்தால்’ என்று செய்தித்தாள் எழுதும், வயலில் யாரும் சொல்ல மாட்டார்கள். கள் செய்ய வேண்டிய வேலையை அடைமொழி ஏற்றுக்கொண்டிருக்கிறது, கூடுதல் கூலி இல்லாமல். எனக்குத் தெரிந்து இந்த ஒரு இடத்தில்தான் தமிழ்ப் பேச்சுவழக்கு தாராளமாக இருக்கிறது.

ஆனால் எல்லா அடைக்கும் இந்தத் திறமை இல்லை. ‘நனைஞ்ச நனைஞ்ச மூட்டை’ என்று சொல்வது வழக்கமில்லை. வினையடியாகப் பிறந்த அடை இரட்டிக்கத் தயங்குகிறது. அங்கே பன்மைக்கு ‘எல்லாம்’ வந்து நிற்க வேண்டும். வழக்குகள் பிறப்பது அங்கேதான். கொள்முதல் நிலையம் ஒன்றின் களத்தில் மழையில் நனைந்த நெல்லோடு ஒருவர் நிற்கிறார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பட்டியல் எழுத்தர் மீட்டரைப் பார்த்துவிட்டு, “நனைஞ்சதெல்லாம் காஞ்சா எடை போடலாம்ணே” என்கிறார். நெல்காரர், காய்ந்த சிப்பத்தை ஒவ்வொன்றாக எடைக்குத் தூக்குகிறார். எழுத்தர் தடுக்கிறார். அவர் மனத்தில் ‘எல்லாம்’ என்பது முழுமை, ஒரு சிப்பம் ஈரமாக இருந்தாலும் நிபந்தனை நிறைவேறவில்லை. நெல்காரர் மனத்தில் அது வெறும் பன்மை, காய்ந்தவரை லாபம். எச்சம் இருவருக்கும் சாட்சி சொல்லாமல் நடுவில் நிற்கிறது. இலக்கணம் படித்த சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் இருந்திருந்தால் தீர்ந்திருக்கும். அவர்களோ டீக்குப் போயிருந்தார்கள். பிறகு தார்ப்பாயை விரித்து, முழு நெல்லையும் கொட்டி, வெயில் வந்தா பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அதாவது ஒரு நிபந்தனையை இன்னொரு நிபந்தனையால் மூடினார்கள்.

‘ன்னா’ என்ற கிளையையும் தொட்டுவிட வேண்டும். ‘வந்துச்சுன்னா’, ‘வந்தாங்கன்னா’ என்பவற்றில் முற்றுவினை உள்ளே ஒளிந்திருப்பதால் எண் திரும்பிவிடும் என்று முதலில் மகிழ்ந்தோம். அஃறிணையில் பலிக்கவில்லை. ஒரு மாடும் ‘வந்துச்சு’, பத்து மாடும் ‘வந்துச்சு’. உயர்திணையில் ‘அதிகாரி வந்தாங்கன்னா’ என்றால் ஒரே ஒரு அதிகாரி ஜீப்பில் வருகிறார் என்றும் பொருள். மரியாதைக்குரிய ஒருவரையும் மரியாதை எதிர்பார்க்காத பலரையும் ஒரே விகுதி சுமக்கிறது. பந்தல் போடுகிறவர் இதனால் எத்தனை நாற்காலி என்று முடிவெடுக்க முடியாமல் தவிப்பதைப் பலமுறை காணலாம். குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு, மிஞ்சியதில் அவரே உட்கார்ந்துகொள்வார்.

ஏதாவது தொலைவது வாய்ப்பேச்சில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆற்றுப் பங்கீட்டில் எண்ணுக்குப் பஞ்சமில்லை, அங்கே மறைவது எச்சம். காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-ல் தமிழ்நாட்டின் பங்கு 419 டிஎம்சி என்றது. கர்நாடகம் விட வேண்டியது 192 டிஎம்சி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ல் அதை 177.25 ஆக்கியது. கால் டிஎம்சி வரை சுத்தமான கணக்கு. ஆனால் இந்தக் கணக்கு எல்லாம் படுகையில் 740 டிஎம்சி கிடைக்கிற சாதாரண ஆண்டு என்ற அடித்தளத்தின் மேல் நிற்கிறது. ‘கிடைத்தால்’ என்ற ஒரு சொல்லைத் தலைப்புச் செய்தியில் போட இடம் போதுவதில்லை. மழை குறைந்த ஆண்டில் பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்ற பேச்சு தொடங்கும்போதுதான், அந்த ‘ஆல்’ ஒளிந்திருந்த இடத்தை விட்டு வெளியே வருகிறது.

கள் விகுதி படுகையில் செழித்து வளர்வது அறிவிப்புப் பலகையில் மட்டுமே. களத்துக்கு வெளியே பெயின்ட் எழுத்தில், விவசாயிகள் தங்கள் ஆவணங்களுடன் நெல்மணிகளைத் தூசிகள், பதர்கள் நீக்கிக் கொண்டு வந்தால் உடனடியாகக் கொள்முதல் செய்யப்படும் என்று ஆறு பன்மையும் ஒரு நிபந்தனையும் வரிசையாக நிற்கின்றன. அதன் கீழே யாரோ சாக்பீஸால் எழுதியிருப்பது: சாக்கு வந்தால்.