பிரியாணி யாருக்கு?

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் முதலாளிகள் கேக்குக்குச் சொல்லுமுன் வக்கீலுக்குச் சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. 2011 டிசம்பரில் நார்த்தாம்ப்டனில் ஒரு கம்பெனி கிறிஸ்துமஸ் விருந்து வைத்தது. விருந்து முடிந்தபின் சிலர் ஓட்டலுக்குப் போய்க் குடியைத் தொடர்ந்தார்கள். விடிகாலை மூன்று மணிவாக்கில் ஆபீஸ் விஷயம் கிளம்பி, பேச்சு முற்றி, நிர்வாக இயக்குநர் தன் விற்பனை மேலாளரைக் குத்திவிட்டார். பாவம், அந்த மனிதருக்கு மூளையில் காயம். 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் குத்துக்குக் கம்பெனியே பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது.

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், கோயில் குளத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஆடிட் ஆபீஸ் வைத்திருக்கும் எனக்கு அந்தப் பயம் கிடையாது. என் ஆபீஸில் டிசம்பரில் யாரும் குடிப்பதில்லை. சாப்பிடுவதுகூட இல்லை. அதுதான் என் பிரச்சினை.

நவம்பர் நடுவில் விருச்சிகம் பிறந்ததுமே ஆபீஸில் பாதி கறுப்பு வேட்டியாகிவிடும். கழுத்தில் மாலை, முகத்தில் தாடி, காலில் செருப்பில்லை. மாலை போட்டவரைச் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு மனிதரைச் சாமி என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுவது எப்படி என்று எந்த மேனேஜ்மென்ட் காலேஜிலும் சொல்லித்தருவதில்லை. "சாமி, இந்த பேலன்ஸ் ஷீட் ரெண்டு லட்சம் இடிக்கிறதே?" என்பேன். நெற்றிச் சந்தனம் கலையாமல், "சாமி சரணம். நோக்காம் சாரே" என்று பதில் வரும். அதற்கு மேல் நானும் ஒரு சரணம் சொல்லிவிட்டு என் அறைக்குள் போக வேண்டியதுதான்.

சரி, மாலை போடாத மறு பாதி? அவர்களில் கோட்டயம் பக்கத்து சுறியானிக் கிறிஸ்தவர்களுக்கு டிசம்பர் 1 முதல் இருபத்தைந்து நோம்பு. கிறிஸ்துமஸ் வரை மீனும் இறைச்சியும் தொடமாட்டார்கள். இந்த நிலைமையில்தான், எம்.பி.ஏ. முடித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் டீம் ஸ்பிரிட் வளர்க்கப் புறப்பட்டான். 23-ம் தேதி மத்தியானம் கோழி பிரியாணி, பிளம் கேக், வாசலில் காகித ஸ்டார். வாசனை குளக்கரை வரைக்கும் போயிருக்கும். சாமிகள் எழுந்து வராந்தாவுக்குப் போனார்கள். நோம்புக்காரர்கள் கேக்கில் முட்டை உண்டா என்று விசாரித்துவிட்டு அதையும் தள்ளிவைத்தார்கள். நானோ மார்கழிப் பொங்கல் ஆசாமி. கடைசியில் ஏசு பிறப்பை முன்னிட்டு வயிறார உண்டவர்கள் இரண்டே பேர்: சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த எங்கள் டைப்பிஸ்ட் அம்மா, பீமாபள்ளியிலிருந்து வரும் ஆபீஸ் உதவியாளர். பையன் ஜன்னலோரம் நின்று, மூடி திறக்காத பொட்டலங்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட் என்று இன்னொன்று உண்டு. சீட்டுக் குலுக்கி எடுத்து, யார் பெயர் வந்ததோ அவருக்கு ரகசியமாகப் பரிசு தர வேண்டும். ரகசியமாவது! என் பெயரை எடுத்தவரை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். பரிசு கைக்கு வந்து சேருகிற வரை அவர் மட்டும் லீவு கேட்கமாட்டார்.

மற்றவர்கள் கேட்பார்கள். டிசம்பர் 3-ம் தேதி கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. கன்னியாகுமரி மாவட்டத்துக்கே அன்று உள்ளூர் விடுமுறை என்று எங்கள் ஆபீஸின் நாகர்கோவில் பெண் போய்விடுவாள். பிறகு பள்ளிக்கூடத்தில் அரையாண்டுத் தேர்வு. அதற்கும் இந்த ஊரில் கிறிஸ்துமஸ் பரீட்சை என்றே பெயர். எழுதுவது குழந்தை, லீவு அம்மாவுக்கு. நடுவில் 1996 முதல் நடந்துவரும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா. சபரிமலைக்குப் போகிறவர் சொல்லிவிட்டுப் போவார். டெலிகேட் பாஸைக் கழுத்தில் மாட்டியவர் டாகூர் தியேட்டருக்குச் சொல்லாமல் போவார்.

விழா முடிந்தால் 25. அது முடிந்த கையோடு மண்டல பூஜை. அப்புறம் 31. கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி பெவ்கோ மதுக்கடைகளுக்கு விடுமுறை. புத்தாண்டும் முதல் தேதிதானே. ஆகவே 31-ம் தேதி பிற்பகல் சிலருக்குத் திடீரென்று பல்வலி வரும். அதே 31-தான் தாமதமான வருமான வரி ரிட்டர்னுக்கும், ஜி.எஸ்.டி. வருடாந்தர ரிட்டர்னுக்கும் கடைசி நாள்.

கண்டிப்பாக நடந்துகொள்ளலாமே என்பீர்கள். கேரளத்தில் பண்டிகை விடுமுறைக்கு 1958-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பண்டிகை விடுமுறையன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு. என் வருமானத்துக்கு இரண்டாவதே கட்டுப்படியாகும். அந்த வேறொரு நாளை எல்லோரும் ஜனவரி 2 என்று எழுதிக் கொடுப்பார்கள் என்பதுதான் சிக்கல்.

ஆகவே இப்போது நவம்பர் முதல் வாரத்திலேயே சுவரில் ஒரு அட்டவணை ஒட்டிவிடுகிறேன். 24, 25 சாமிகள் ஆபீஸைப் பார்த்துக்கொள்வது. 26 காலை கிறிஸ்தவர்கள் வந்து சாமிகளை விடுவிப்பது. தேதியை அவர்களே உட்கார்ந்து பேசி எழுதுகிறார்கள். நான் எழுதியபோது நடந்த சண்டையில் பாதிகூட இப்போது இல்லை. நாகர்கோவில் பெண் மட்டும், "பஸ் கிடைக்கலை சார்" என்று 27-ம் தேதி வருவாள். எழுபது கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு நாளாக பஸ் கிடைக்கவில்லையாம். நம்பிவிடுகிறேன். கையில் பலகாரப் பொட்டலம் இருக்கும்.

விருந்தை ஜனவரிக்கு மாற்றிவிட்டோம். மகரவிளக்கு முடிந்து, தாடியெல்லாம் வழித்து, நோம்பு தீர்ந்து, ரிட்டர்னும் போய்ச் சேர்ந்த பிறகு வரும் சனிக்கிழமை. அப்போதும் அதன் பெயர் கிறிஸ்துமஸ் பார்ட்டிதான். பிரியாணி மிஞ்சுவதில்லை, எனக்கென்று சொல்லிவைக்கும் வெஜிடபிள் பிரியாணியிலும் யாராவது கைவைத்துவிடுகிறார்கள்.

ஆடிட்டரிடம் கணக்குக் கொடுத்திருப்பவர்கள் தயவுசெய்து நவம்பருக்குள் காகிதங்களைக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறதே என்று சட்டம் பேச வேண்டாம். நேரம் இருக்கும். ஆள் இருக்கமாட்டார்கள்.