பெயர் ஒன்றுக்கு 47 சென்ட்

அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகளிடம், அதை நடத்தும் காலேஜ் போர்டு கணக்கும் ஆங்கிலமும் மட்டும் கேட்பதில்லை. கல்லூரியில் என்ன படிக்க உத்தேசம், உயிரியலா, இயற்பியலா, பொறியியலா என்றும் அக்கறையாக விசாரிக்கும். பதில் சொல்வது கட்டாயமில்லை. மதிப்பெண்ணும் கிடையாது. விலை மட்டும் உண்டு: 2019 வாக்கில், கல்லூரிகளுக்குக் கைமாறிய ஒரு பெயர் 47 சென்ட். (காலேஜ் போர்டு லாப நோக்கமற்ற அமைப்பு என்பதை இங்கே நினைவில் கொள்க.)

பள்ளி நேரத்தில் தேர்வு எழுதிய பிள்ளைகளின் விவரத்தையும் விற்றதற்காக நியூயார்க் மாநிலம் 2024-இல் காலேஜ் போர்டிடம் 7,50,000 டாலர் அபராதம் வசூலித்தது. பெயருக்கு 47 சென்ட் என்ற கணக்கில் பார்த்தால் அது சுமார் பதினாறு லட்சம் பிள்ளைகளின் விலை, கட்டுப்படியாகும்.

‘வேதியியல்’ என்று குறித்த பையன் மறுவாரமே மனம் மாறியிருப்பான். அதனாலென்ன? பளபளப்பான கையேடுகள் வீட்டுக்கு வந்து குவியும். அனுப்பும் கல்லூரிகளில் சில அவனுக்கு இடம் தரப்போவதே இல்லை. விண்ணப்பம் பெருகினால்தானே நிராகரிப்பும் பெருகும். எளிதில் நுழைய முடியாத கல்லூரி என்ற மவுசும் ஏறும். விண்ணப்பக் கட்டணம் தனி.