பகடைக்கே பேச்சுரிமை

‘ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்’ ஆன்லைன் விளையாட்டில் சண்டையைவிடப் பேச்சு அதிகமாக இருக்கிறதே?

இரண்டு லட்சம் வரிகளுக்கு மேல் வசனம். கின்னஸ் சாதனையே உண்டு. அத்தனை குரல்களுக்கும் சம்பளம் கொடுத்த பயோவேர் நிறுவனம், நீங்கள் வாளை மட்டும் வீசிக்கொண்டு போனால் சும்மா விடுமா?

நாலு பேர் சேர்ந்து ஆடும்போது யார் பேசுவது?

பதிலை எல்லோரும் தேர்ந்தெடுக்கலாம். பகடையில் பெரிய எண் விழுந்தவர்தான் பேசுவார். கல்யாணப் பேச்சுவார்த்தைக்கு இந்த முறை வந்தால், பெரியப்பாக்கள் பாடு திண்டாட்டம்.

வேலைக்குப் போகிறவன் நான். எட்டு கதாபாத்திரங்களுக்கும் எட்டுக் கதையாமே, எப்போது முடிப்பது?

எட்டையும் முடித்தால் வேலை முடிந்துவிடும். ஒன்றுதான் என்றால், என் ஓட்டு பேரரசின் உளவாளிக்கு. அவனுக்கு ஜெடாய் வீரர்களின் மாயசக்தி கிடையாது. மேலிடம் உண்மையைச் சொல்வதும் கிடையாது. உங்களுக்கு உடனே புரியும்.

மாதச் சந்தா கட்டாயமா?

2011 டிசம்பரில் வெளிவந்தபோது கட்டாயம். அடுத்த நவம்பரிலேயே இலவசக் கதவு திறந்தது. உள்ளே நுழைந்ததும் கடையும் திறந்திருக்கும். இருள் பக்கம் ஈர்ப்பது கதையில் வரும் சித் பிரபுக்கள் மட்டுமல்ல!