யானையிடம் ரசீது

பெண் பார்க்கப் போன வீட்டில், மாமனார் ஆகவிருந்தவர் என் வேலையைப் பற்றிக் கேட்டார். "நம்ம ஊர்ப் பள்ளிகளையும் வெளிநாட்டுப் பள்ளிகளையும் இணைக்கிற தொண்டு நிறுவனத்தில் நிதி திரட்டுகிறேன்" என்றேன். அவர் உள்பக்கம் திரும்பி, "வசூல் பண்றாராம்" என்று மொழிபெயர்த்தார். லேலண்ட், டைட்டன், டிவிஎஸ் என்று கேட்டுப் பழகிய ஓசூர்க் காது. காபி வந்தது, கேசரி வரவில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அஞ்செட்டி தாண்டி நாட்றாம்பாளையம் பக்கம் தோளில் பையோடு பைக்கில் போய் இறங்கினால், குழுக் கடன் வசூல் ஆள் என்று அக்காமார் கதவைச் சாத்துகிறார்கள். "வாங்க வரலக்கா, கொடுக்க வந்திருக்கேன்" என்றால் தாழ்ப்பாளும் விழுகிறது.

சிப்காட்டில் கதவு திறக்கும், பர்ஸ் திறக்காது. பெரிய கம்பெனிகள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும், சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். சுற்றுவட்டாரம் எங்கே முடிகிறது என்பதை மேனேஜர் சொல்வார். "நாட்றாம்பாளையமா? அது ஒகேனக்கல் போற வழியில்ல? ரொம்பத் தூரம் சார்." இங்கிலாந்தோடு இணைக்கிறேன் என்று போய் நின்றவனிடம்!

அந்த இங்கிலாந்துப் பிள்ளைகள்தான் ஒருமுறை கடிதத்தில் கேட்டிருந்தார்கள்: உங்கள் வீட்டுச் செல்லப்பிராணி எது? இங்கே ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், நாக்கைக் கடித்தபடி, கோடு போட்ட தாளில் எழுதினான்: "யானை. நாங்கள் வளர்க்கவில்லை. ராகி விளைந்ததும் அதுவே வரும். தின்றுவிட்டுப் போகும். பேர் வைக்கவில்லை."

நானும் வாத்தியாரும் ஓர் எழுத்து பிசகாமல் ஆங்கிலப்படுத்தினோம். அதுதான் தப்பு. அங்கே பிள்ளைகள் உருகிவிட்டார்கள். கேக் சுட்டு விற்று 43 பவுண்டு அனுப்பினார்கள், பெயரில்லாத யானையின் சாப்பாட்டுக்கு. என் பத்து வருஷ அனுபவத்தில் நான் எழுதிய எந்த விண்ணப்பமும் இத்தனை சீக்கிரம் காசாகவில்லை.

காசு வந்த வழியைக் கேளுங்கள். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அப்படி வரும் காசு எதுவானாலும் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் இறங்கித்தான் ஊர் திரும்ப வேண்டும். குடகில் கிளம்பும் காவிரிகூட டெல்லி போகாமல் ஒகேனக்கல் வந்துவிடுகிறது. (வழக்கு மட்டும்தான் டெல்லி போகும்.)

வந்த பணம் எதற்காக வந்ததோ அதற்கே செலவாக வேண்டும் என்பதும் சட்டம். பையனின் அப்பாவிடம் போனேன். வயலோரம் உடைந்து கிடந்த வேலிக்கம்பை நட்டுக்கொண்டே கேட்டார்.

"யானைக்குத் தீனியா? போன மாசம் அரை ஏக்கர் போட்டாச்சே சார். அந்தக் காச எங்கிட்ட கொடுத்துடுங்க, கணக்கு நேராயிடும்."

நியாயமாகத்தான் பட்டது. ஆடிட்டரிடம் சொன்னேன்.

"தின்னதுக்கு ரசீது?"

"யானைகிட்டயா சார்?"

அவர் சிரிக்கவில்லை. படிவத்தைப் புரட்டினார். சமூகம், கல்வி, பொருளாதாரம், பண்பாடு, மதம் என்று ஐந்து தலைப்புகள். பேனாவை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வந்து கடைசியில் நிறுத்தினார்.

"மதம்னு போட்டுடலாமா? யானைதானே."